மலபார் என்றால் யார்? இருபத்திரண்டு மாதம் கழித்து ஒரு திண்ணையில் தெரிந்துகொண்டேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஆராய்ச்சி செய்ய வரும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் விசா, வாடகை, எந்தத் தெருவில் இருட்டிய பிறகு நடக்கலாம் என்பதைத்தான். அதைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு எட்டு மாதமும் 62,000 ராண்டும் போனது வேறு ஒரு காரணத்தால். அதைப் பற்றி என்னை யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் மூன்று பேர் ஒரு சனிக்கிழமைத் திண்ணைப் பேச்சுக்கு வாய்விட்டுக் கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை. கொஞ்சம் வெட்கக்கேடான கதை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். படித்தது புள்ளியியல். 2022 ஜனவரியில் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். தலைப்பு, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தார்கள் என்பது. 1860 முதல் 1911 வரை 152,184 பேர் வந்திறங்கினார்கள், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். புள்ளியியல் படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எக்செல்லில் ஏற்றிவிட்டால் பாதி ஆராய்ச்சி முடிந்தது என்று நினைத்தேன். வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா இந்தக் கப்பல் பட்டியல்களை வைத்தே ஒரு நூல் எழுதி 1991-இல் வெளியிட்டுவிட்டார். அதையும் வாங்கிப் புரட்டினேன். அட்டவணைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அப்புறம் படிக்கலாம் என்று ஓரமாக வைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

முதல் வருஷம் தனிமைதான். ஏப்ரலில் டர்பனில் பெருவெள்ளம் வந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் பக்கம் பல நாட்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பிறகு மின்வெட்டு, சில நாட்களில் பல தடவை போய்ப் போய் வரும். மின்சாரம் இருக்கும் நேரத்துக்குத் தகுந்தபடி தூங்கினேன், சமைத்தேன், தட்டச்சு செய்தேன். குடியேற்றத் துறைக் கோப்புகளைப் பார்க்க வாரத்தில் இரண்டு நாள் டாக்ஸி வேனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வருவேன், ஒரு வழி எண்பது கிலோமீட்டர். யாரிடமும் பேசாமல் ஐந்து நாள் கழிந்த வாரங்கள் உண்டு. அதை அப்போது நான் கஷ்டமாக நினைக்கவில்லை, தவம் என்று நினைத்துக்கொண்டேன். ஆராய்ச்சி என்றால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்வது என்று ஊரில் யாரோ என் தலையில் ஏற்றியிருந்தார்கள்.

முதலில் கூப்பிட்டவர் நூலகத்தில் என் எதிர் மேசையில் உட்காரும் சட்ட மாணவி. "அண்ணா, சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்துல ஒரு அங்கிள் வீட்டுல எல்லாரும் டீக்கு வருவோம். சும்மா பேசிட்டு இருப்போம், வாங்களேன்" என்றாள். சாட்ஸ்வொர்த், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் பகுதி. இரண்டாவது, ஒரு கோயிலில் காவடிக்குப் போயிருந்தபோது அறிமுகமான ஓய்வுபெற்ற நர்ஸ் ஆன்ட்டி. மூன்றாவதாக மொழியியல் விரிவுரையாளர் ஒருவர் கூப்பிட்டார். மூன்று பேரிடமும் வேலை இருக்கிறது என்றேன். மனசுக்குள் ஓடியது வேறு. இவர்கள் நாலைந்து தலைமுறைக்கு முன்னால் ஊரை விட்டவர்கள், பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, என் தரவைப் பற்றி இவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது? இங்கே வரும் தமிழ்நாட்டுக்காரர்களில் பலருக்கு இந்த மிதப்பு உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

இப்போது மலபாருக்கு வருகிறேன். சில பட்டியல்களில் சாதிக் கட்டத்தில் "மலபார்" என்று எழுதியிருந்தது. ஒன்றிரண்டு என்றால் விட்டிருப்பேன், பக்கம் பக்கமாக வந்தது. ஆனால் ஜில்லாக் கட்டத்தில் வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம். சாதாரண மனிதன் யாரிடமாவது போய், இது என்னப்பா என்று கேட்டிருப்பான். நான் ஒரு கோட்பாடு கட்டினேன். மலபார் கரையிலிருந்து கிழக்கே வந்து, ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் சில காலம் தங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போய்க் கப்பலேறிய மலையாளிகள் இவர்கள். படிப்படியான இடப்பெயர்ச்சி என்று பெயரும் வைத்தேன். பெயர்களெல்லாம் முனுசாமி, வீராசாமி, செங்கல்வராயன் என்று இருக்கிறதே என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. குமாஸ்தா தன் காதுக்குப் பழகிய பெயரை எழுதிவிட்டான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வரைபடம் போட்டேன், அம்புக்குறி போட்டேன். ஆங்காங்கே "ஜென்டூ" என்று இருந்ததை இந்து என்பதன் பழைய எழுத்து என நினைத்து "பொது" என்ற பிரிவில் தள்ளினேன். 2023 மார்ச்சில் அறுபத்தெட்டுப் பக்கத்தில் அத்தியாயம் தயார். என் நெறியாளர் பொருளாதார வரலாற்றுக்காரர். கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது.

அதை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஜூலையில் நிராகரித்து பதில் வந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: மலபார் என்ற வகைப்பாட்டை ஆசிரியர் தெளிவுபடுத்த வேண்டும். அதை எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? மலபார் பற்றி இன்னும் நிறைய தகவல் கேட்கிறார் என்று நினைத்தேன். மூன்று மாதம் உட்கார்ந்து மலபார் மாவட்டத்தின் நிலவரி, நெல் விலை, துறைமுகங்கள் என்று இருபது பக்கம் சேர்த்தேன். நாலு பேரோடு பழகுகிறவனாக இருந்தால் அந்த ஒரு வரியை யாரிடமாவது காட்டியிருப்பேன். நிராகரிப்புக் கடிதத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கோப்புறைக்குள் கோப்புறையாகப் போட்டு மறைத்து வைத்திருந்தேன். உங்களுக்கு ஒரு கடிதம் அப்படி வந்தால் வந்த அன்றே குறைந்தது இரண்டு பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், ஒருவர் உங்கள் துறை, இன்னொருவர் வேறு துறை. நாமே படிக்கும்போது அவமானம்தான் முன்னால் வந்து நிற்கிறது. எழுதியிருப்பது என்ன என்பது கண்ணில் படுவதில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை போனேன். ஞானம் வந்து போகவில்லை. அறையில் மின்சாரம் இல்லை, மடிக்கணினியில் சார்ஜ் இல்லை, அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று சட்ட மாணவி சொன்னாள், அவ்வளவுதான். அங்கிள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எண்பதைத் தொட்டவர். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்து, நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்ட குடும்பம். வீட்டு முன்னால் நாலு படி ஏறினால் ஒரு திண்ணை. இங்கே அதை "ஸ்டூப்" என்பார்கள். அதில் எட்டு ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தட்டில் வடை, ஒரு பெரிய கெட்டிலில் டீ. நர்ஸ் ஆன்ட்டி, விரிவுரையாளர், சொந்தமாகப் பேருந்து ஓட்டிக்கொண்டு ஓய்வு நேரத்தில் குடும்ப மரம் தேடும் ஒருவர், பூசாரி, மூன்று மாணவர்கள். தலைவர் கிடையாது, திரை கிடையாது, நன்றியுரை கிடையாது. அன்றைக்குப் பேச்சு மாரியம்மன் கூழ் விழாவில் தொடங்கி, ஒரு மாணவனின் விசாப் பிரச்சினைக்குப் போய், எங்கெங்கோ சுற்றியது. நான் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று அங்கிள் கேட்டார். மலபார் கோட்பாட்டைப் பத்து நிமிடம் விளக்கினேன். வரைபடத்தைக்கூடத் திருப்பிக் காட்டினேன். யாரும் எதுவும் பேசவில்லை. அங்கிள் எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய தாளின் நகலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் பாட்டனார் பட்டியலில் இருந்த பக்கம். சாதி: மலபார். ஜில்லா: செங்கல்பட்டு. "எங்க தாத்தாவோட தாத்தா வரைக்கும் செங்கல்பட்டுதான் தம்பி. மலபார்னா அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பாஷையில தமிழன். ஜென்டூன்னா தெலுங்கன்." நர்ஸ் ஆன்ட்டி வடையை டீயில் முக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர் பக்கம் ஜென்டூதான், நாயுடு" என்றார். பிறகு எனக்காக வருத்தப்பட்டு ஒன்று கேட்டார்: "மழை கொட்டுற மலையாளத்தை விட்டுட்டு, ஏரி ரொம்பினாத்தான் சோறுங்கிற ஆற்காட்டுக்கு எதுக்குப்பா அவ்வளவு பேரும் வரணும்?"

அன்று இரவு தூங்கவில்லை. முதலில் அவர்கள் மேல் கோபம், அப்புறம் நெறியாளர் மேல், விடியற்காலையில் என் மேல். எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி பேருந்தில் போய் வரும் தூரம்தான். பள்ளியில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனார்கள். 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழை "மலபார் மொழி" என்றுதான் எழுதினார் என்று அங்கேயே, அந்தக் கோட்டை வாசலிலேயே, ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ரியூனியன் தீவில் இன்றைக்கும் தமிழ் வம்சாவளிக்கு "மல்பார்" என்றுதான் பெயர். எல்லாமே எனக்கு எங்கோ காதில் விழுந்தவைதான். பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது ஒன்றோடு ஒன்று சேரவில்லை. சேர்த்துவைக்க இன்னொரு வாய் தேவைப்பட்டது.

கணக்குப் பார்த்துவிடலாம். அத்தியாயத்தைக் கலைத்து, தரவை மறுபடி குறியீடு போட்டு எழுத எட்டு மாதம் ஆனது. உதவித்தொகை அதற்குள் முடிந்துவிட்டது. வாடகை மாதம் 3,800 வீதம் 30,400 ராண்டு. சாப்பாட்டுக்கு 16,000. விசா நீட்டிப்பும் அதற்குக் கட்டாயமான மருத்துவக் காப்பீடும் சேர்ந்து 8,000. மறுபடி காப்பகப் பயணமும் நகல்களும் 7,600. ஒரு ராண்டுக்கு நாலரை ரூபாய் என்று வைத்தால் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். அப்பா ஒரு சீட்டை முன்கூட்டியே எடுத்து அனுப்பினார். என்ன ஆச்சு என்று அவர் கேட்டபோது, "சனிக்கிழமை டீ குடிக்கப் போகவில்லை" என்று எப்படிச் சொல்வது? தரவில் சிக்கல் என்றேன்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. உண்மையான வேலை அந்தத் திண்ணையில்தான் நடந்தது. உதாரணத்துக்குப் பெயர்கள். குமாஸ்தா ஆங்கில எழுத்தில் கிறுக்கி வைத்ததை நான் ஒரு வருஷம் கண்ணால் படித்துக்கொண்டிருந்தேன். விரிவுரையாளர், வாய்விட்டுப் படி, எழுதியவன் காதால் கேட்டுத்தானே எழுதினான் என்றார். நான் படிப்பேன், திண்ணையில் இருப்பவர்கள் ஊகிப்பார்கள். நான் விட்டுவிட்டிருந்த "வுர்தியா" வரதய்யா ஆனார். "மொனியாமா" முனியம்மா. "வாண்டிவாஷ்" வந்தவாசி என்பது எனக்கே தெரியும், ஆனால் "அர்னி" என்று கிடந்ததை ஆரணி என்று சொன்னது பூசாரி. கிராமம் தெரியாமல் கிடந்த வரிகளில் ஒரு பெரும் பங்கு இப்படித்தான் ஊர் சேர்ந்தது. தழும்புக் கட்டத்தைப் பார்த்து, இதில் அம்மைத் தழும்பு எது, பச்சை குத்தியது எது என்று நர்ஸ் ஆன்ட்டி பிரித்துக் கொடுத்தார். மாணவர்கள் எனக்குச் சொல்லித்தந்தது சின்ன விஷயம், ஆனால் நாட்களை மிச்சப்படுத்தியது: போனில் எடுக்கும் படத்தின் பெயரிலேயே கோப்பு எண், பக்க எண், தேதி மூன்றையும் போட்டுவிடுவது.

போகும்போது என்ன கொண்டுபோவது என்று கேட்பீர்கள். அத்தியாயத்தைக் கொண்டுபோகாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள், படித்தாலும் மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்பார்கள். புரியாத ஒரு தாளை மட்டும் கொண்டுபோங்கள். ஒரு பெயர், ஒரு கட்டம், ஒரு படம். முடிந்துபோன வேலையைக் காட்டினால் பாராட்டுவார்கள், சிக்கிக்கொண்ட இடத்தைக் காட்டினால்தான் வாயைத் திறப்பார்கள். முதல் இரண்டு மூன்று தடவை வாயை மூடிக்கொண்டு வடை தின்பதில் தப்பில்லை. வேலை மோசமாகப் போகும் வாரத்தில் போகாமல் இருக்கத்தான் மனசு சொல்லும், அந்த வாரம் கட்டாயம் போங்கள்.

உ.வே.சா. கதை எல்லோருக்கும் தெரியும். 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர், அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று கரைத்துக் குடித்தவர், முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். நீதிமன்றத்துக்காரர் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வருகிறது. பள்ளியில் எங்களுக்கு முன்சீப்பைப் பற்றி மட்டும் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. சமணச் சொற்கள் விளங்காமல் உ.வே.சா. கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நூலை வீட்டில் வைத்து வழிவழியாகப் படித்து வந்தவர்கள் அதே ஊரில் இருந்திருக்கிறார்கள். பேருந்தில் திரும்பும்போது இதை நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்த வாசலில் போய் நிற்கக் கூச்சம் இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் திண்ணை பொன்னுலகம் என்று நினைக்க வேண்டாம். அரட்டையும் வம்பும் உண்டு. ஒருவர் வந்தால் இரண்டு மணி நேரம் தன் வம்சம் சோழர் வம்சம் என்பார், நடுவில் எழுந்து தட்டுக் கழுவப் போய்விடுவேன். கேட்டதை அப்படியே எழுதிவிடவும் கூடாது. 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்ற முதல் கப்பல் ட்ரூரோ. அதில் வந்தவர்கள் 342 பேர். நான் இங்கே சந்தித்தவர்களில் பாதிப் பேருடைய கொள்ளுத்தாத்தா அந்தக் கப்பலில்தான் வந்தாராம்! அங்கிளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். எண்ணை வைத்துத் தேடியபோது அவர் பாட்டனார் வந்தது 1874-க்குப் பிறகு, இடையில் எட்டு வருஷம் நின்றுபோயிருந்த குடியேற்றம் மறுபடி தொடங்கிய பின். சொல்லவா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்துவிட்டுச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, சீட்டு கிடைக்கலை போல" என்றார். அதனால் திண்ணையில் கேட்டதை அன்றிரவே தேதி போட்டு எழுதுங்கள், யார் சொன்னது என்பதோடு. மறுவாரம் ஆவணத்தில் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் எனக்கு நல்ல பக்கங்கள் கிடைத்தன.

இன்னொன்றும் நடந்தது. பெயர்களை வாய்விட்டுப் படிக்கும் முறையைப் பற்றி நான் திண்ணையில் விரிவாகச் சொன்னதை, எப்போதாவது வந்துபோகும் ஒருவர் ஒரு கருத்தரங்கில் தன் முறை போலப் பேசிவிட்டார். வயிறு எரிந்தது. சண்டை போடவில்லை. அது முதலில் விரிவுரையாளர் சொன்னது, எனதும் அல்ல என்பது சண்டைக்குத் தயாரானபோதுதான் உறைத்தது. அதிலிருந்து எழுதும் ஒவ்வொரு யோசனைக்கும் அடிக்குறிப்பில் "உரையாடலில் சொன்னவர்" என்று பெயரும் தேதியும், கேட்டுவிட்டு, போடுகிறேன். அச்சுக்குப் போகும் நிலையில் உள்ள முடிவை மட்டும் நெறியாளரிடம் மின்னஞ்சலில் அனுப்பிவைத்த பிறகு வெளியே பேசுகிறேன். மற்றதைத் தாராளமாகப் பேசலாம்.

நீங்கள் இருக்கும் ஊரில் இப்படி ஒரு திண்ணை இல்லையென்றால் மூன்று பேர் போதும். இடம் துறைக்கு வெளியே இருக்கட்டும், அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் நெறியாளர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். கிழமையும் நேரமும் மாறக் கூடாது, வருகிறேன் வரவில்லை என்று யாரும் தகவல் சொல்லத் தேவையில்லாத மாதிரி இருக்க வேண்டும். பட்டம் இல்லாத ஒரு பெரியவராவது வேண்டும். சாப்பாட்டுச் செலவு மாணவர் தலையில் விழக் கூடாது. நாங்கள் ஒரு டின் வைத்திருக்கிறோம், இருப்பவர்கள் போடுவார்கள், யார் போட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆய்வேட்டை 2024 கடைசியில் ஒப்படைத்தேன். நன்றியுரையில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி, சாட்ஸ்வொர்த் திண்ணைக்கு ஒரு பக்கம். பைண்டு செய்த பிரதியை அங்கிள் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாகப் படித்தார். அவர் பெயரை நான் தமிழ்நாட்டு வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், அவர் வீட்டில் நாலு தலைமுறையாக எழுதும் எழுத்து வேறு. விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு நர்ஸ் ஆன்ட்டியைப் பார்த்தார். "கப்பல்ல எழுதின குமாஸ்தாவே பரவாயில்லை" என்றார்.